சாம்பல் மேட்டில் கிடைத்த கணக்குகள்

(நமது சங்கத்தின் பொன்விழாச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘பழங்கால நாகரிகங்களும் அரசுகளும்’. அரை மணி நேரத்தில் எகிப்து, பாபிலோன், பாரசீகம், கிரேக்கம், ரோம் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதை நம் பிள்ளைகள் கைப்பேசியில் என்னைவிட வேகமாக எடுத்துவிடுவார்கள். நான் சரித்திர ஆசிரியன் அல்லன். துணி வியாபாரி. பாலிடெக்னிக்கில் படித்தது லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா. அதனால் ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தலைப்பைச் சுருக்கிவிட்டேன். சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன்னால் துணியும் வெள்ளீயமும் விற்ற ஒரு வியாபாரிக் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இதில் பெரிய போர் எதுவும் வராது. ராஜாக்களும் வாசலோடு நின்றுகொள்வார்கள். சரக்கு, கணக்கு, கடிதம், குடும்பம் இவைதான் வரும்.

இரண்டு ஊர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அசூர். இன்றைய ஈராக்கில் டைக்ரிஸ் நதியின் மேற்குக் கரையில் இருந்தது. பிற்காலத்தில் பெரிய அசிரியப் பேரரசு என்று நாம் படிக்கிறோமே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். ஆனால் நான் சொல்லும் காலத்தில் பேரரசும் இல்லை, பெரும்படையும் இல்லை. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு சின்ன நகர அரசு. சொல்லிக்கொள்ளும்படியான விளைச்சல் கிடையாது, சுரங்கமும் கிடையாது. நாலு திசையிலிருந்தும் வரும் பாதைகள் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரைப் பற்றி இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஊர் கனேஷ். ‘ணே’ அல்ல, ‘னே’. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கைசேரி நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. துருக்கியர்கள் அந்த மேட்டைக் குல்தெபே என்கிறார்கள். சாம்பல் மேடு என்று அர்த்தம். அசூரிலிருந்து கனேஷுக்கு சுமார் 1,000 கிலோமீட்டர். கழுதையை ஓட்டிக்கொண்டு நடந்தால் ஏறத்தாழ ஆறு வாரம். நடுவில் தோரஸ் மலை. பனிக்காலத்தில் கணவாய்கள் அடைபட்டுப் போகும், யாரும் அசைய முடியாது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் நடந்த வியாபாரம் உலகத்துக்கு எப்படித் தெரிய வந்தது என்பதே ஒரு கதை. 1881 வாக்கில் இருந்தே துருக்கியின் அந்தப் பகுதியிலிருந்து ஆப்பெழுத்து பொறித்த சின்னச் சின்னக் களிமண் பலகைகள் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அருங்காட்சியகங்கள் வாங்கின. எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் ஊர்க்காரர்கள் வாய் திறக்கவில்லை. சப்ளையரின் முகவரியை எந்த வியாபாரி வெளியே சொல்வான்? அறிஞர்கள் வந்து பெரிய மேட்டைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. 1925இல் பெட்ரிக் ஹ்ரோஸ்னி என்ற செக் நாட்டு அறிஞர் வந்தார். அவரும் முதலில் மேட்டில்தான் தோண்டினார். பிறகு அவருடைய வண்டிக்காரர் மூலமாக விஷயம் கசிந்தது. பலகைகள் கிடைப்பது மேட்டில் அல்ல, பக்கத்து வயலில். அங்கே தோண்டினார், ஆயிரம் பலகைகள் போலக் கிடைத்தன. 1948 முதல் தாசின் ஒஸ்குச் என்ற துருக்கிய ஆய்வாளர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 2005இல் அவர் இறக்கும்வரை, அதே இடத்தில் வேலை செய்தார். இதுவரை வந்தவை 23,000க்கும் அதிகம். 2015இல் யுனெஸ்கோ அவற்றை ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் சேர்த்தது.

அத்தனை பலகைகளிலும் காவியம் இல்லை, புராணம் இல்லை. ஏறக்குறைய எல்லாமே வியாபாரிகளின் கடிதங்கள், கடன் பத்திரங்கள், சரக்குக் கணக்குகள், வழக்குத் தீர்ப்புகள், குடும்பச் சண்டைகள். உலகத்தில் இவ்வளவு பழமையான, இவ்வளவு நிறைய, அரண்மனைக்கும் கோயிலுக்கும் சொந்தமில்லாத தனியார் வியாபாரக் காகிதங்கள் வேறு எங்கும் கிடைக்கவில்லை. காகிதம் என்று சொல்லிவிட்டேன், களிமண் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இனி சரக்குக்கு வருகிறேன்.

முதல் சரக்கு வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கில் நம் பெரியவர்கள் பார்த்த அதே ஈயம்தான். செம்போடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். அந்தக் காலத்தில் ஆயுதம், கலப்பை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் வெண்கலம் வேண்டும். துருக்கிப் பக்கம் செம்பு இருந்தது, வெள்ளீயம் போதவில்லை. கிழக்கே ஈரானுக்கு அப்பாலிருந்து வெள்ளீயம் அசூருக்கு வரும். அசூர்க்காரர்கள் அதை வாங்கிக் கழுதைமேல் ஏற்றி மேற்கே அனுப்புவார்கள். இரண்டாவது சரக்கு கம்பளித் துணி. ஒரு பகுதி தெற்கே பாபிலோன் பக்கத்திலிருந்து வாங்கியது. இன்னொரு பகுதி அசூரிலேயே வீட்டுப் பெண்கள் நெய்தது. போன சரக்குக்குத் திரும்பி வருவது வெள்ளியும் தங்கமும். கழுதைகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே விற்றுவிடுவார்கள். வெள்ளியைச் சுமக்க எத்தனை கழுதை வேண்டும்?

ஒரு கழுதைக்கான கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். அவர்களின் எடை மினா, சுமார் அரைக் கிலோ. 60 ஷெக்கல் ஒரு மினா. ஒரு ஷெக்கல் எட்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு கழுதைக்கு முத்திரையிட்ட வெள்ளீயம் இருபுறமும் 65, 65 மினாவாக மொத்தம் 130 மினா, அதாவது சுமார் 65 கிலோ. இதைத் தவிர வழிச் செலவுக்கென்று முத்திரையிடாத கொஞ்சம் வெள்ளீயம் கையில் கொடுத்தனுப்புவார்கள். அசூரில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 15 ஷெக்கல் வெள்ளீயம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். விலை 13க்கும் 16க்கும் இடையில் ஆடும். அப்படியானால் 130 மினாவின் கொள்முதல் 520 ஷெக்கல் வெள்ளி. கனேஷில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு ஏழு ஷெக்கல் வெள்ளீயம்தான் தருவார்கள். அப்படியானால் விற்றுமுதல் 1,114 ஷெக்கல். வாங்கியது 4.3 கிலோ வெள்ளிக்கு, விற்றது 9.2 கிலோ வெள்ளிக்கு. துணியில் லாபம் இன்னும் அதிகம், வாங்கிய விலைக்கு மூன்று மடங்கு வரை விற்றார்கள்.

உடனே நம்மில் சிலருக்குக் கண் விரியும். பொறுங்கள், இது மொத்த லாபம். கழுதையின் விலை, தீவனம், ஆள் கூலி, வழியில் ஒவ்வொரு சிற்றரசனுக்கும் கட்டும் சுங்கம் எல்லாம் கழிய வேண்டும். புறப்படும்போது அசூர் நகரத்துக்கு 120இல் ஒரு பங்கு வரி. கனேஷ் அரண்மனைக்கு வெள்ளீயத்தில் 65க்கு 2, துணியில் நூற்றுக்கு 5. அது போக, துணியில் பத்தில் ஒரு பங்கை வேறு யாருக்கும் முன்னால் வாங்கும் உரிமையும் அரண்மனைக்கு உண்டு. பதிலுக்கு அரசர் பாதைக்குக் காவல் போட வேண்டும். அவர் நாட்டில் கொள்ளை போனால் ஈடு கட்ட வேண்டும். இவையெல்லாம் ஒப்பந்தமாக எழுதப்பட்டவை.

வரி இருக்கும் இடத்தில் வேறொன்றும் இருக்குமே என்று நீங்கள் நினைப்பது சரிதான். ‘குறுகிய பாதை’ என்று அவர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். சுங்கச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் மலைவழி. ஒரு கடிதத்தில் ஒருவர் இன்னொருவருக்கு எச்சரிக்கை எழுதுகிறார். இன்னாருடைய மகன் அனுப்பிய கள்ளச் சரக்கு பிடிபட்டுவிட்டது, வாங்கவிருந்த புஷுகென் என்ற வியாபாரி சிறையில் கிடக்கிறார், ராணியார் பல ஊர்களுக்கும் ஆள் அனுப்பிக் காவலைக் கடுமையாக்கிவிட்டார், நீ எதையும் கடத்திக்கொண்டு வராதே என்று. இந்தப் புஷுகென் சில்லறை ஆள் அல்ல. கனேஷில் இருந்த அசூர் வியாபாரிகளில் முதல் வரிசைக்காரர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய மனைவி பின்னால் வருகிறார்.

பாலிடெக்னிக்கில் எங்களுக்கு முதல் பருவத்தில் சொல்லிக்கொடுத்தது, ஒரு சரக்கு கிளம்பிச் சேரும்வரை அதற்கு மூன்று விதப் பத்திரம் வேண்டும் என்பது. ஒப்படைத்ததற்கு ஒன்று, முன்கூட்டித் தெரிவிப்பதற்கு ஒன்று, சேர்ந்த பிறகு கணக்கு முடிப்பதற்கு ஒன்று. கனேஷ் பலகைகளில் அதே மூன்றும் இருக்கின்றன. அசூரில் சரக்கை ஓட்டியிடம் சாட்சிகள் முன்னால் ஒப்படைத்த ஒப்பந்தம். இன்ன ஓட்டி இத்தனை முத்திரைக் கட்டோடு வருகிறான் என்று கனேஷுக்கு அனுப்பிய கடிதம். வந்து சேர்ந்ததும் வழியில் செலவானது எவ்வளவு, வரிக்குப் போனது எவ்வளவு, கையில் மீந்தது எவ்வளவு என்று கனேஷிலிருந்து எழுதிய கணக்கு. எங்கள் விரிவுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் நான் அந்த வகுப்பில் இன்னும் கொஞ்சம் விழித்திருந்திருப்பேன்.

கடன் பத்திரத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பலகையில் கடனை எழுதுவார்கள். அதற்கு மேல் களிமண்ணாலேயே ஓர் உறை போட்டு, அதே விவரத்தை உறைமேலும் எழுதி, கடன் வாங்கியவரும் சாட்சிகளும் உருளை முத்திரையை உருட்டிவிடுவார்கள். வெளியே இருப்பதை யாராவது மாற்றினாலும் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. தகராறு வந்தால் அதிகாரிகள் முன் உறையை உடைத்துப் பார்க்கலாம். கடனைத் தீர்த்தால் பத்திரத்தைத் திருப்பி வாங்கி உடைத்துப் போட வேண்டும். அதற்கு அவர்கள் மொழியில் சொல், பலகையைக் ‘கொல்வது’. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சியும் வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் இந்த அவைக்குத் தெரியாததல்ல. அந்த ஒழுங்கின் தேவையை வியாபாரிகள் எவ்வளவு பழங்காலத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. வட்டி விஷயத்தில் அவர்கள் நம் வழியில் இல்லை. தங்களுக்குள்ளேயே ஆண்டுக்கு நூற்றுக்கு 30 வீதம் என்று சட்டமாக வைத்திருந்தார்கள். வெளியாருக்கு அதற்கும் மேல்.

ஆனால் முதல் திரட்டுவதற்கு அவர்கள் செய்த இன்னொரு ஏற்பாடு நம் முளாரபாவுக்குப் பக்கத்தில் வருகிறது. அதற்குப் பெயர் ‘நருக்கும்’, பை என்று அர்த்தம். அசூரில் வசதியுள்ளவர்கள் பலர் ஆளுக்குக் கொஞ்சம் தங்கம் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒரு வியாபாரியிடம் கொடுப்பார்கள். அமுர்-இஷ்தார் என்பவருடைய பத்திரம் கிடைத்திருக்கிறது. மொத்தம் 30 மினா தங்கம், சுமார் 15 கிலோ. பத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டது. பன்னிரண்டு ஆண்டு அவர் அதை வைத்து வியாபாரம் செய்ய வேண்டும், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. இடையில் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் ஒரு ஷெக்கல் தங்கத்துக்கு நாலு ஷெக்கல் வெள்ளி மட்டுமே தரப்படும், லாபப் பங்கு கிடையாது. சந்தையில் அப்போது தங்கம் வெள்ளியைப் போல எட்டு மடங்கு விலை. அவசரக்காரனுக்குப் பாதி நஷ்டம். பன்னிரண்டு ஆண்டு! இன்று மூன்று மாதத்தில் லாபம் எங்கே என்று கேட்கும் பங்காளிகளை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த வியாபாரிகள் வெளியூரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்கு நெருக்கமான செய்தி. ‘காரும்’ என்ற சொல்லுக்கு முதலில் படகுத்துறை என்று பொருள். துறையில் வியாபாரிகள் கூடுவதால் அவர்கள் குடியிருப்புக்கும் அதே பெயர் வந்தது. பிறகு அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கும் அதுவே பெயர். கனேஷில் துறையே கிடையாது, ஆனால் காரும் இருந்தது. அதற்கென்று ஓர் அலுவலக வீடு, பொதுக் கிடங்கு, எழுத்தர். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்த பொதுக்குழு ஒன்று, பெரியவர்கள் மட்டும் கூடும் குழு ஒன்று. தங்களுக்குள் வழக்கு என்றால் உள்ளூர் அரசனிடம் போகமாட்டார்கள், காருமில் தீர்த்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் அசூர் நகர சபைக்கு மேல்முறையீடு. அரசனோடு பேச வேண்டியதைத் தனித்தனியாக யாரும் பேசுவதில்லை, காரும்தான் பேசும். அனத்தோலியா முழுவதும் இப்படிப்பட்ட காரும்களும் அவற்றைவிடச் சிறிய நிலையங்களும் பல இருந்தன. எல்லாவற்றுக்கும் தலைமை கனேஷ்.

அசூரில் அரசர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அசூர் என்ற தங்கள் தெய்வத்தின் காரியஸ்தன் என்றுதான் சொல்லிக்கொண்டார். எரிஷும் என்ற அரசர் காலத்தில் வெள்ளி, தங்கம், செம்பு, வெள்ளீயம் இவற்றின் மீதிருந்த தடைகளை எடுத்துவிட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. வியாபாரம் பெருகியதற்கு அது ஒரு காரணம். முக்கிய முடிவுகளை எடுத்தது நகர சபை. ஒவ்வோர் ஆண்டும் சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்து நகர மண்டபத்துக்குப் பொறுப்பாக வைப்பார்கள், அந்த ஆண்டுக்கே அவர் பெயர்தான். கடன் கட்டாதவனின் வீட்டை முத்திரை வைத்து மூடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அரசர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒரு செய்தி என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கனேஷில் அசூர்க்காரர்கள் கட்டிய வீடு உள்ளூர் வீடு மாதிரியே இருக்கிறது. பானை, சட்டி, அடுப்பு எல்லாமே உள்ளூர்ப் பாணி. அந்தப் பலகைகள் மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால், அங்கே வெளிநாட்டு வியாபாரிகள் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள் என்று எந்த ஆய்வாளராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் யார் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி எழுத்து. நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை இந்த மலருக்காகத் தேடியபோது நடந்ததைப் பற்றிச் செயலாளர் அவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

இப்போது தாய்மார்கள் பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உண்மையில் இங்கே வந்தேன்.

கனேஷுக்குப் போன ஆண்கள் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள். மனைவி அசூரில். அவளும் வீட்டுப் பெண்களும் கம்பளி வாங்கி, நூற்று, நெய்து, துணியை ஓட்டிகள் மூலம் கணவனுக்கு அனுப்புவார்கள். அவன் விற்று வெள்ளி அனுப்ப வேண்டும். அது அவள் உழைப்பின் காசு. அவள் கணக்குக் கேட்பாள். அந்தக் காலத்து ஆப்பெழுத்தை வியாபாரிகள் எளிமையாக்கி நூற்றுச் சொச்சம் குறிகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் எழுத்தர் மட்டுமல்ல, வியாபாரிகளில் பலரும், பெண்களில் சிலரும்கூடத் தாங்களே எழுதினார்கள்.

புஷுகென்னின் மனைவி பெயர் லமாசி. அவர் எழுதிய கடிதங்கள் பல இருக்கின்றன. ஒன்றில் துணி நன்றாக இல்லை என்று கணவர் குறை சொன்னதற்குப் பதில் எழுதுகிறார். உங்கள் வீட்டில் இருந்துகொண்டு என் துணியை மட்டம் சொல்லும் ஆள் யார்? ஒவ்வொரு பயணத்திலும் உங்களுக்குப் பத்து ஷெக்கல் வெள்ளியாவது மிஞ்ச வேண்டும் என்றுதானே நான் பாடுபடுகிறேன் என்பது அதன் சாரம். இன்னொன்றில், நம் கூட்டாளி ஷலிம்-அஹும் இரண்டாவது முறையாக வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது என்று கேட்கிறார். வேறொன்றில், நம் மகள் பெரியவளாகிவிட்டாள், அவளைக் கோயில் பணிக்கு ஒப்படைக்க வேண்டும், அங்கே இருக்கும் கட்டுகளை அறுத்துக்கொண்டு வந்து சேருங்கள் என்று எழுதுகிறார். வீடும் மகளும் துணியும் கணக்கும் ஒரே கடிதக் கட்டுக்குள் இருக்கின்றன. சபராளிகளின் வீட்டில் பிறந்த எவருக்கும் இந்தக் கடிதத்துக்கு அகராதி தேவையில்லை.

இன்னொரு பெண்மணி தராம்-கூபி. அவருடைய கணவர் இன்னாயா. கணவர் புறப்படும்போது வீட்டில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அங்கிருந்து, வளையலும் மோதிரமும் வைத்திரு, சாப்பாட்டுக்கு உதவும் என்று எழுதியிருக்கிறார் போலும். தராம்-கூபியின் பதிலில் மரியாதைப் பூச்சு ஏதும் இல்லை. ஒரு ஷெக்கல் வெள்ளிகூட வைத்துவிட்டுப் போகவில்லை, ஊரில் பஞ்சம், ஒரு படி பார்லி வைத்துவிட்டுப் போகவில்லை, எந்த ஆடம்பரத்தைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். இதே தராம்-கூபி, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து, தன் சகோதரர் இம்தி-இலும் என்ற பெரிய வியாபாரிக்கும் எழுதியிருக்கிறார். நீ காசை நேசிக்கிறாய், உன் உயிரை வெறுக்கிறாய் என்ற பொருளில் போகிறது அந்தக் கடிதம். கனேஷ் பலகைகள் எல்லாவற்றிலும் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது இதைத்தான். எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் 1,000 கிலோமீட்டர். பதில் வர மூன்று மாதம், பனிக்காலம் குறுக்கிட்டால் அதற்கும் மேல்.

வெறும் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வக்குர்தும் என்ற பெண்ணுக்கு கனேஷிலிருந்து வந்த ஒரு கடிதம் அப்படியே ஆர்டர் ஷீட் போல இருக்கிறது. துணிக்கு இன்னும் கூடுதல் கம்பளி போடு, ஒரு பக்கத்தை மட்டும் வாரி விடு, கத்தரிக்காதே, முடிந்த துணி ஒன்பது முழ நீளம், எட்டு முழ அகலம் இருக்க வேண்டும். அதாவது சுமார் நாலரை மீட்டருக்கு நாலு மீட்டர். நான் தொழிற்சாலைக்கு அனுப்பும் குறிப்பு இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. அசூரில் அந்தத் தறிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களைக் ‘குடும்பத்தினர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் சரித்திரப் புத்தகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் உற்பத்தியாளர்கள். கணவன் அவர்களின் வெளிநாட்டு விற்பனைப் பிரதிநிதி.

இரண்டாம் கல்யாணங்களும் நடந்தன. பல ஆண்டு தனியாக இருந்த ஆண்கள் கனேஷில் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அதற்கும் விதி இருந்தது. இரண்டு பேரையும் ஒரே தகுதியில் வைக்கக்கூடாது, இருவரையும் ஒரே ஊரில் வைக்கக்கூடாது. லகிபும் என்பவர் ஹதாலா என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்த ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அவர் மணவிலக்குச் செய்தால் ஐந்து மினா வெள்ளி கட்ட வேண்டும். அவள் செய்தாலும் அதே ஐந்து மினா. இருவருக்கும் ஒரே தொகை என்பதைப் பெண்கள் பகுதியில் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அசூரில் இருந்த முதல் மனைவிமார் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில் இடம் இல்லை.

பெண்களின் குரல் நமக்கு இவ்வளவு கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. அசூரிலிருந்து போன கடிதங்கள்தான் மிஞ்சின. கனேஷிலிருந்து ஆண்கள் எழுதி அனுப்பியவை அசூரில் கிடைக்கவில்லை. அவர்கள் தங்களுக்காக எடுத்து வைத்திருந்த சில நகல்கள் மட்டும் இருக்கின்றன. ஆகவே அந்த வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலும் ஒரு தரப்பு மட்டும்தான் நம் காதில் விழுகிறது. அது பெண்கள் தரப்பு. கடிதத்தில் தங்களைத் திட்டியிருந்தும் அந்த ஆண்கள் அவற்றை எறியாமல், பெட்டியிலும் ஜாடியிலும் அலமாரித் தட்டிலும் கடன் பத்திரங்களோடு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். இதை அவர்கள் கணக்கில் வரவாக எழுத வேண்டும்.

கி.மு. 1835 வாக்கில் கனேஷின் அந்தக் குடியிருப்பு தீயில் எரிந்தது. மனிதர்கள் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், பலகைகளை விட்டுவிட்டுப் போனார்கள். மேல்மாடி இடிந்து அவற்றின்மேல் விழுந்தது. பிறகு சில ஆண்டுகளில் மறுபடியும் குடியேறி, வியாபாரம் கி.மு. 1700 வாக்கு வரை நடந்தது. ஆனால் பழைய அளவுக்கு எழுத்து அந்தக் காலத்திலிருந்து கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் சில இன்னும் உறை உடைக்காமல் இருக்கின்றன. யாரோ அனுப்பி, யாருக்கோ வந்து, பிரிக்கப்படாத கடிதங்கள். இப்போது உடைக்காமலேயே ஊடுகதிர் வைத்து உள்ளே இருப்பதைப் படிக்கும் வேலை நடக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று நெறியாளர் சைகை காட்டுகிறார். ஒரே ஒரு தகவல். உம்ரா முடித்துவிட்டு அப்படியே துருக்கி சுற்றிவிட்டு வரும் பயணங்களில் நம்மவர்கள் இப்போது நிறையப் போகிறோம். கப்படோக்கியாவில் பலூன் பார்க்கப் போகிறவர்களில் பலர் இறங்குவது கைசேரி விமான நிலையத்தில். குல்தெபே அங்கிருந்து அதிக தூரம் இல்லை. வீடுகளின் அடித்தளக் கற்களை நடந்து பார்க்கலாம். பலகைகளைப் பார்க்க வேண்டும் என்றால் அங்காராவில் அனத்தோலிய நாகரிகங்களின் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பிஸ்கட் அளவில் இருக்கும், அவசரமாகப் போனால் கண்ணில் படாது. வழிகாட்டி ஹித்தைத்துச் சிலைகளுக்கு இழுத்துக்கொண்டு போவார். கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.